சென்டரின் நன்றியுரை

நாங்கள் எந்தப் பிரச்சினையையும் கூட்டம் வைத்துத் தீர்க்கிற ஆட்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் தடி தேடுவதற்கு முன் தலைவர் யார், வரவேற்புரை யார் என்று தீர்மானித்துவிடுவோம். அதுவரை பாம்பு காத்திருக்கும். பாம்பையே அழைத்து மங்கல விளக்கு ஏற்றச் சொன்ன கூட்டம் ஒன்றில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

யுத்த காலம். கொழும்பில் தமிழர்களாக இருந்த நாங்கள் பையில் அடையாள அட்டையும் வாயில் 'ஒவ் மாத்தயா' என்ற சிங்கள 'ஆமாம் ஐயா'வுமாகத் திரிந்த காலம். இருந்தும் வெள்ளவத்தையில் கழகங்களுக்குக் குறைவில்லை. எங்களுடையது விளையாட்டுக் கழகம். பெரிய பெயர், சிறிய அலுமாரி. அலுமாரிக்குள் ஆண்களின் கிரிக்கெட் கிண்ணங்கள் கறுத்துக்கொண்டிருந்தன. பெண்களுக்கென்று ஒரு வலைப்பந்து அணியும் வைத்திருந்தார்கள். 'மகளிரையும் ஊக்குவித்து வருகின்றோம்' என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதுவதற்கு மகளிர் யாராவது வேண்டுமல்லவா?

அந்த அணியில் நான் கோல் ஷூட்டர். வளையத்துக்குள் பந்தைப் போடுகிற வேலை. உயரமாக இருந்ததால் தந்தார்கள். என்னிடம் இருந்ததும் உயரம் மட்டும்தான். நான் எறிகிற பந்து வளையத்தை ஒருமுறை வலம் வந்து, தரிசனம் முடிந்த திருப்தியோடு வெளியே விழும். வலைப்பந்து நெஞ்சிலே எழுத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. ஆட்டக்காரியின் பெயரைவிட அவள் நிற்கிற இடம்தான் முக்கியம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நடுவில் ஆடுகிற எங்கள் சென்டருக்கு இருபத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறித் திருகோணமலை வழியாக வந்தவள். வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் ஒன்றுவிட்ட அக்காவோடு ஓர் அறையில் இருந்துகொண்டு கணக்கியல் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். மைதானத்தில் இறங்கினால், பந்து எங்கே போகப் போகிறது என்று பந்துக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருப்பவர்கள் பொலிசில் பெயர் பதிய வேண்டும்; ஒவ்வொரு பதிவிலும் பொலிஸ் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்: ஏன் கொழும்பில் இருக்கிறாய்? 'படிக்கிறேன்' என்ற பதிலை அரைக்கண்ணால் ஏற்றுக்கொள்வார்கள். 'வேலை செய்கிறேன்' என்று சொல்லிக் கம்பனியின் கடிதத்தைக் காட்டினால் இரண்டு கண்ணாலும் ஏற்றுக்கொள்வார்கள். காப்புறுதிக் கம்பனி ஒன்று நன்றாக விளையாடுகிற பெண்களைத் தன் வலைப்பந்து அணிக்காகவே வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆட்கள் கண்டியில் நடக்கவிருந்த போட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி. மற்றவர்களான எங்களுக்குக் கண்டி என்றால் குளிரும் ஒரு கிண்ணமும். அவளுக்குக் கொழும்பில் இருப்பதற்கான காரணம் அங்கேதான் கிடைக்கவிருந்தது.

எங்களைக் கண்டிக்குக் கூட்டிப் போகவிருந்தவர் மாஸ்டர். பயிற்சியாளரை அப்படித்தான் அழைத்தோம். கழுத்தில் விசில், மேலே ட்ராக்சூட், அதற்கு மேலே அரைப் போத்தல் சென்ட். ஏதோ ஒரு மாகாணத்துக்கு எதையோ விளையாடியதாகச் சொல்வார். மாகாணமும் விளையாட்டும் சொல்லுந்தோறும் மாறும். ஆனால் சிங்களம் நன்றாகப் பேசுவார். செக்பொயின்ட்டில் அவர் இறங்கி இரண்டு வார்த்தை சொன்னால் எங்கள் வான் வண்டி நகரும். இந்த ஒரு தகுதிக்காக எங்கள் நிர்வாகக் குழு அவருக்கு நடமாடும் தெய்வத்தின் ஸ்தானத்தைக் கொடுத்திருந்தது.

தெய்வத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. வலைப்பந்து என்பது அவருடைய கைவழியாகத்தான் எங்கள் உடம்புக்குள் இறங்கும் என்பது. தோளைத் திருத்துவார். இடுப்பைத் திருத்துவார். திருத்திய இடம் மீண்டும் கோணிவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டும் நிற்பார். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் பையன்களுக்கும் அவரே ஓட்டப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் எத்தனையோ பேர் முருங்கைத் தடி போலக் கோணலாக நின்றார்கள். ஒருவனைக்கூடத் தொட்டுத் திருத்தியதை நான் காணவில்லை.

எங்களுக்கும் எங்கள் உபாயங்கள் இருந்தன. நான் பந்தை எப்போதும் எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொள்வேன். கோல் கீப்பர் மாளிகாவத்தையிலிருந்து வருகிறவள்; தலையை மூடிய ஸ்கார்ஃபோடு விளையாடுவாள். அவளுடைய முழங்கை விஷயம் தெரிந்த முழங்கை. ஒருமுறை அது மாஸ்டரின் விலாவில் தன் கருத்தைத் தெரிவித்தது. "சொறி மாஸ்டர், காணல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவளுடைய தோள் நிரந்தரமாகச் சரியாகிவிட்டது. சென்டர் புதியவள். அவளுக்கு இந்தப் பாடத்தை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனை மைதானத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் சென்டர் என் பக்கத்தில் இருந்தாள். கோல் கீப்பர் முன்சீட்டில்.

"அக்கா, என்னைக் கண்டி டீமில இருந்து எடுத்துவிடச் சொல்லுறியளோ?"

"விசரோ உனக்கு? நீ இல்லாட்டி நாங்கள் ஏன் போறம்? மலை பாக்கவோ?"

"மாஸ்டர் ஒரு மாதிரி, அக்கா."

கோல் கீப்பர் கழுத்தைத் திருப்பினாள். "ஒரு மாதிரி எண்டா என்ன மாதிரி?"

சென்டர் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் போன பிறகு அவளை நிற்கச் சொல்லியிருக்கிறார். சாமான் அறைக்குள் கதவைச் சாத்தியிருக்கிறார். கண்டியில் ஓர் இரவு தங்க வேண்டுமென்றும், அங்கே அவளுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி இருக்கிறதென்றும், மறுத்தால் டீமில் பெயர் இருக்காதென்றும் சொல்லியிருக்கிறார்.

"அவருக்குக் கைய வெக்காம வெளயாட்டுப் படிச்சுக் குடுக்க ஏலாதா?" என்றாள் கோல் கீப்பர். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்திலிருந்த மனிதர் பத்திரிகையை உயர்த்தி அதற்குள் ஒளிந்துகொண்டார்.

அணியில் வயதில் மூத்தவள் நான். புத்தகம் படிக்கிறவள் என்ற பெயரும் இருந்தது. ஆகவே தலைவரிடம் போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. புத்தகம் படிக்கிறவர்களுக்குக் கதைக்கவும் தெரியும் என்பது எங்கள் சமூகத்தின் பழைய மூடநம்பிக்கை.

தலைவர் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. நான் சொல்லி முடிக்கும்வரை கண்களை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கவில்லை, நித்திரைக்கும் நிர்வாகத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிலை.

"ஆரும் பாத்தவையளோ, பிள்ளை?"

"கதவு சாத்தியிருந்தது, ஐயா."

"அப்ப ஆரும் பாக்கேல்லை." ஒரு கணக்கை முடித்துக் கோடு போட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பிள்ளை சொல்லுது, ஐயா. அது அங்கதானே நிண்டது?"

"அது சின்னப் பிள்ளை. மாஸ்டர் எவ்வளவு காலமாய் எங்களோட நிக்கிறார். அவர் இல்லாட்டி செக்பொயின்ட்டில ஆர் கதைக்கிறது? நீரோ?"

என் சிங்களம் தேங்காய் வாங்குவதற்கு மட்டும் போதுமானது என்பது அவருக்குத் தெரியும்.

"அப்ப பொலிசில சொல்லுவம்."

"பொலிசிலயோ!" அவர் கண்கள் அப்போதுதான் முழுதாகத் திறந்தன. "யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உள்ள போனா முதல் ஐடென்டி கார்ட்டைக் கேப்பான். பிறகு ஏன் கொழும்புக்கு வந்தனி எண்டு கேப்பான். பிறகு அந்த அறையில ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேப்பான். மாஸ்டரைப் பற்றி எப்ப கேப்பான், சொல்லும் பாப்பம்?"

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி. ஒரு கோழைக்கு இவ்வளவு நல்ல நியாயங்களைக் கையில் கொடுத்த நாடு வேறு எங்கும் இருக்குமா தெரியவில்லை. மாஸ்டரும் இதையெல்லாம் அறிந்துதான் ஆள் தெரிவு செய்தார். கோல் கீப்பருக்கு மாளிகாவத்தையில் வாப்பாவும் நானா என்று அவள் அழைக்கிற நான்கு அண்ணன்மாரும் இருந்தார்கள். எனக்கு முழங்கால்வரை நீண்ட நாக்கு இருந்தது. சென்டருக்கு ஓர் அறையும் பொலிஸ் பதிவும்.

எழும்பும்போது தலைவர் முகம் மலர்ந்தது. "ஒண்டு செய்வம், பிள்ளை. ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைப்பம். பொதுவாய். ஆரையும் நோகடிக்காமல்."

கூட்டம் ஒரு ஞாயிறு காலை, காலி வீதியில் புடைவைக் கடை ஒன்றின் மேல்மாடி மண்டபத்தில். 'மங்கையரும் பாதுகாப்பும்' என்று பதாகை. கதிரைகளை அடுக்குவதற்காகக் கிரிக்கெட் அணி வந்தது. அடுக்கி முடித்ததும் அவர்களைக் கீழே அனுப்பிவிட்டார்கள். இது பெண்களுக்கான விஷயமாம். ஆண்கள் கீழே நின்று, தேத்தண்ணியோடு கொடுக்க வாங்கிய ரோல்ஸுக்குக் காவல் இருந்தார்கள். பாதுகாப்புப் பற்றி அன்றைக்கு எடுக்கப்பட்ட ஒரே நடைமுறை நடவடிக்கை அதுதான்.

நன்றியுரையைச் சென்டரிடம் கொடுத்திருந்தார் தலைவர். "பிள்ளை அமைதி. நீட்டாது" என்றார் என்னிடம். எங்கள் கூட்டங்களை அறியாதவர்களுக்காக நன்றியுரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை சபையிலேயே மிக முக்கியமற்ற ஆளிடம்தான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் சபையின் காது ரோல்ஸ் தட்டுச் சத்தத்துக்குப் போய்விடும். கைகள் மட்டும் கடமையில் இருக்கும். ஒரு பெயர், ஒரு 'நன்றி', ஒரு கைதட்டல். வேறு எந்தப் பேச்சையும் துண்டுச் சீட்டு கொடுத்து நிறுத்தலாம். நன்றியுரையை யாரும் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. தன் பெயர் வருவதற்கு முன் எவர் நிறுத்துவார்?

உரையை எழுதிக் கொடுத்தவள் நான். 'ஈண்டு', 'நல்கிய', 'நெஞ்சார்ந்த' எல்லாம் போட்டு, பட்டுச் சேலைக்கு மேலே பொன்னாடையும் போர்த்திய மாதிரி ஒரு உரை. அவள் அதை வாங்கி மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மங்கல விளக்கு. முதல் திரியைத் தலைவர், இரண்டாவதைச் சிறப்புப் பேச்சாளர், மூன்றாவதைக் 'கழகத்தின் தூண்' என்ற அறிமுகத்தோடு மாஸ்டர். அவருடைய சென்ட் விளக்கில் பற்றிக்கொள்ளுமோ என்று பயந்தேன். ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். பிறகு தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, வரவேற்பு நடனம். அதன் பின் தலைமையுரை. பெண்கள் ஆறு மணிக்கு முன் வீடு திரும்ப வேண்டும், ஷோலைப் பின் குத்தி அணிய வேண்டும், பஸ்ஸில் போகும்போது ஒரு ஊசி வைத்திருக்க வேண்டும், தேவையில்லாமல் சிரிக்கக் கூடாது. ஊசி யோசனை எங்களுக்குப் பழையது. கொழும்பு பஸ்ஸில் போகிற பெண்களில் பாதிப் பேர் தையற்காரிகள் என்று நினைக்குமளவுக்கு ஊசிகள் இருந்தன. சிரிப்பைப் பற்றியது புதிது. அந்த உரையைக் கேட்டபோது அதைப் பின்பற்றுவது சிரமமாக இருக்கவில்லை.

சிறப்புப் பேச்சாளர் ஒரு பெண் டொக்டர். களுபோவிலப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. நரைத்த தலை, பருத்திச் சேலை, மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குத் தயார் செய்து வந்தவருக்கு, மற்றவர்கள் தின்றதுபோக ஒரு கால்மணி நேரம் மிஞ்சியிருந்தது.

"ஆம்பிளைப் பிள்ளையள் எங்க?" என்றுதான் தொடங்கினார்.

"அவையளுக்கு இது தேவையில்லை, டொக்டர்" என்றார் தலைவர், இருந்த இடத்திலிருந்தே.

"ஓமோ? அப்ப இது ஆராலை வாற பிரச்சினை? தெருநாயாலையோ?"

பின்வரிசையில் கோல் கீப்பரின் இருமல் கேட்டது. அது இருமல்தான் என்று வைத்துக்கொள்வோம்.

டொக்டர் அலங்காரம் இல்லாமல் பேசினார். பயிற்சியாளர் தொட்டுத்தான் காட்ட வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும், எல்லோரும் பார்க்கிற இடத்தில் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் கையை எடுக்க வேண்டும். மூடிய அறையில் தனியாகப் பயிற்சி என்று ஒன்று எந்த விளையாட்டிலும் இல்லை. பயணம் போனால் பெண்களோடு ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். யாராவது வந்து சொன்னால், 'நீ என்ன உடுத்தியிருந்தாய்' என்று கேட்காமல், 'இனி உனக்குப் பயமில்லாமல் இருக்க நான் என்ன செய்ய' என்று கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் மாஸ்டர் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். நடுவில் ஒருமுறை, "மிச்சம் பிரயோசனமான விஷயம்" என்று பக்கத்தவரிடம் சொன்னார். வெட்கம் என்பது எல்லோருக்கும் பொதுவான உறுப்பு என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

முடிக்கிற இடத்தில் டொக்டர் சொன்னார்: "என்னட்டை வாற ஆக்கள் 'ஒரு மாதிரி இருக்கு' எண்டுதான் சொல்லுவினம். 'ஒரு மாதிரி' எண்டு ஒரு வருத்தம் இல்லை, பிள்ளையள். எங்க நோகுது, எப்ப தொடங்கினது எண்டு சொன்னாத்தான் மருந்து. இதுவும் அப்பிடித்தான். ஆர், எங்க, என்ன செய்தவர். அதைச் சொல்லிப் பழகுங்கோ. வெக்கப்பட வேண்டியது சொல்லுற ஆள் இல்லை."

கைதட்டல். டொக்டருக்கு நினைவுச் சின்னம். மாஸ்டருக்கும் ஒன்று, அவருக்கு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கீழேயிருந்து ரோல்ஸ் மேலே வரத் தொடங்கியது. சென்டர் மைக்குக்குப் போனாள்.

என்னுடைய முதல் பந்தியை அப்படியே வாசித்தாள். 'ஈண்டு' வந்தது, 'நெஞ்சார்ந்த' வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்வது கொஞ்சம் அவமானமான விஷயம். பிறகு தாளை மடித்தாள்.

"மண்டபம் தந்த முதலாளி ஐயாவுக்கு நன்றி."

கைதட்டல்.

"ஒலிபெருக்கி தந்த அண்ணைக்கு நன்றி."

கைதட்டல்.

"எங்கட மாஸ்டருக்கு நன்றி. போன மாசம் கொட்டாஞ்சேனையில பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, பந்துகளை அடுக்கவேணும் எண்டு என்னை மறிச்சு, சாமான் அறையில கதவைச் சாத்தினதுக்கு நன்றி. வேண்டாம் மாஸ்டர் எண்டு நான் மூண்டு தரம் சொல்லியும் என்ர இடுப்பில இருந்து கையை எடுக்காததுக்கு நன்றி. கண்டியில தனிய பயிற்சிக்கு வராட்டி டீமில பேர் இராது எண்டு சொன்னதுக்கும் நன்றி."

கைதட்டல்.

ஆம், தட்டினார்கள். முதலில் தட்டியவர் தலைவர். அவருடைய கைகளுக்கு அது நன்றியுரை. 'நன்றி' என்ற சொல் விழுந்தால் தட்டுவது அவற்றின் தொழில். சபையும் தட்டியது. வாயில் ரோல்ஸோடு ஒரு செயற்குழு உறுப்பினர் உற்சாகமாகவே தட்டினார். மாஸ்டர் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, சபைக்குக் கைகூப்பினார். கூப்பிய கைகள் அப்படியே நின்றன. பிறகு கைதட்டல் மழை விடுகிற மாதிரி இங்கே ஒன்று அங்கே ஒன்றாகக் குறைந்தது. கடைசியாக ஒரே ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். கோல் கீப்பர். அவள் மட்டும் தெரிந்தே தட்டினாள்.

"பிள்ளை, நேரம்..." என்று தலைவர் எழும்பினார்.

"விடுங்கோ, ஐயா" என்றார் டொக்டர். "நன்றியுரைதானே."

சென்டர் நிறுத்தவில்லை. "இதைக் கேட்டு, ஆரும் பாத்தவையளோ எண்டு விசாரிச்சு, மாஸ்டரை ஒண்டும் கேளாமல், எங்களைக் கூப்பிட்டுச் சிரிக்க வேண்டாம் எண்டு சொன்ன தலைவர் ஐயாவுக்கு நன்றி. ஆர், எங்க, என்ன எண்டு சொல்லப் பழக்கின டொக்டருக்கு நன்றி. தேத்தண்ணி தந்த எல்லாருக்கும் நன்றி. வணக்கம்."

இந்த முறை யாரும் தட்டவில்லை. அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னுடைய உரை அவளுடைய கைக்குள் சுருண்டு கிடந்தது.

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பிள்ளைக்கு விளங்கேல்லை. ஸ்போர்ட்ஸ் எண்டா உடம்பைத் தொடாமல் எப்பிடி..."

"கிரிக்கெட்காரங்களுக்கும் சாமான் அறைலயா படிச்சுக் குடுக்குற, மாஸ்டர்?" என்றாள் கோல் கீப்பர் பின்வரிசையிலிருந்து. "கீழதான் ஈக்கிறாங்க. கேட்டுட்டு வரவா?"

மாஸ்டருக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் ஞாபகம் வந்தது. படியிறங்கிப் போனார். நினைவுச் சின்னத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனார்.

செயற்குழு மண்டபத்தின் மூலையில் கூடியது. கூட்டத்துக்குள் ஒரு கூட்டம்; வேறென்ன? கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்து, குரலைத் தேனில் தோய்த்து, சென்டரிடம் சொன்னார்: "பிள்ளை, உம்மட நல்லதுக்குத்தான் சொல்லுறன். மனம் சரியில்லாமல் இருக்கிறீர். இந்த முறை கண்டிக்கு வராமல் நில்லும். அடுத்த வருஷம் பாப்பம்."

அதாவது பாம்பு வந்த வீட்டில், பாம்பைக் கண்டவளை வெளியே அனுப்புவது. அடுத்த வருடம்வரை பொலிஸுக்கு அவள் என்ன பதில் சொல்வது என்பதை அவர் கணக்காய்வு செய்யவில்லை.

டொக்டர் தேத்தண்ணிக் கோப்பையோடு அருகிலேயே நின்றார். போகிற ஆளாகத் தெரியவில்லை. "கண்டிக்குப் பிள்ளையளோட போறது ஆர்?" என்று கேட்டார்.

"அதுதான் யோசிக்கிறம், டொக்டர். மாஸ்டர் இல்லாமல்..."

"அவர் வானில ஏறினா நான் ஏறேல்லை" என்றேன். யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"நானும் இல்ல" என்றாள் கோல் கீப்பர். "அவ வராட்டியும் இல்ல." மற்றவர்களும் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். ஏழு பேர் இல்லாமல் வலைப்பந்து இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. விழா மலரில் தலைவரின் வாழ்த்துச் செய்தி, படத்தோடு, அச்சுக்குப் போயாயிற்று. பெண்ணின் கண்ணியத்துக்கு அசையாத மனிதர் தன் படத்துக்கு அசைந்தார்.

"செக்பொயின்ட்டில ஆர் கதைக்கிறது?" என்றார், கடைசி முயற்சியாக.

"நான் பொறந்து வளந்தது மாளிகாவத்த, ஐயா. சிங்களம் எனக்கும் ஏலும்" என்றாள் கோல் கீப்பர். "மாஸ்டர்ட சிங்களத்துக்கு ஆமிக்காரன் சிரிக்கிறது ஒங்களுக்கு வெளங்கலியா? பாவம் பாத்துத்தான் இவ்வளவு நாளும் வானை உட்டவன்."

இவ்வளவு காலமும் நாங்கள் தொழுத தெய்வத்தின் ஒரே தகுதியும் இப்படிப் போயிற்று. பெண் பொறுப்பாளர் வேண்டும் என்று டொக்டர் அங்கேயே நின்று சொல்லிவிட்டதால், மூத்தவள் என்ற முறையில் என்னை முகாமையாளர் ஆக்கினார்கள். என் இடத்தில் வேறொருத்தி ஆடுவாள் என்பதில் எல்லோருக்கும் தெரிந்த நிம்மதியை அவர்கள் மறைக்க முயன்றிருக்கலாம்.

வான் களனிப் பாலம் தாண்டிச் சிறிது தூரத்தில் மறிக்கப்பட்டது. அட்டைகளை வாங்கிய சிப்பாய் சென்டரின் அட்டையில் இருந்த யாழ்ப்பாண முகவரியில் நின்றான். கோல் கீப்பர் யன்னலால் தலையை நீட்டினாள். "அபி நெட்போல் கஹன்ன யனவா, அய்யே" என்று, நெட்போல் ஆடப் போகிறோம் என்பதில் தொடங்கி, சென்டர் யார், எந்த இடத்தில் ஆடுகிறாள், அவள் இல்லாவிட்டால் நாங்கள் எவ்வளவு மோசமாகத் தோற்போம் என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும்; நடுவில் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, சிப்பாய் என்னைப் பார்த்துச் சிரித்தான். அட்டைகளைத் திருப்பித் தந்தான். "தினலா என்ன" என்றான். வென்று வாருங்கள்.

வெல்லவில்லை. இரண்டாவது சுற்றில் தோற்றோம். ஆனால் காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்த இரண்டு பெண்களும் சென்டரைத் தேடி வந்து கதைத்தார்கள், பகலில், மைதானத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க. அந்த மாத முடிவுக்குள் வேலை. அடுத்த பொலிஸ் பதிவுக்குப் போனபோது கம்பனியின் கடிதத்தை மேசையில் வைத்தாளாம். ஏன் கொழும்பில் இருக்கிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை.

மாஸ்டரைக் கழகம் நீக்கவில்லை. அவர் 'உடல்நலக் குறைவு காரணமாக' விலகினார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொன்னாடையும் போர்த்தினார்கள். வேறொரு கழகத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அவருக்கு முன் கோல் கீப்பர் அங்கே போயிருந்தாள்; ஆர், எங்க, என்ன என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கடைசியில் ஆண்களின் கரப்பந்தாட்டத்தில் ஒதுங்கினார். அங்கே யாருடைய இடுப்பையும் அவர் திருத்தியதாகத் தகவல் இல்லை. டொக்டர் கேட்டுக்கொண்டதற்காகக் கிரிக்கெட் அணிக்கும் ஒரு கூட்டம் வைத்தோம். பையன்கள் ரோல்ஸுக்காக வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் ரோல்ஸ் முடிந்த பிறகும் இருந்து கேள்வி கேட்டார்கள். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை இல்லை. நேரமின்மையாம். அதற்குப் பிறகு எங்கள் கழகத்தின் எந்தக் கூட்டத்திலும் நான் நன்றியுரை கேட்டதில்லை.

அடுத்த வருடம் காப்புறுதிக் கம்பனியின் அணியோடு எங்களுக்கு ஒரு ஆட்டம் வந்தது. சென்டர் அவர்களுடைய சட்டையில் நின்று எங்களைத் துவைத்து எடுத்தாள். முகாமையாளர் பதவி பறிபோய் மறுபடி கோல் ஷூட்டராகியிருந்த நான், அவள் ஓடுவதை வளையத்தின் அடியில் நின்று ரசித்தேன். வேறு வேலை வரவில்லை. பரிசளிப்பில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்த வீராங்கனை எங்கள் கழகத்தின் கண்டுபிடிப்பு. நாம் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்தின் விளைவு" என்று முழங்கினார். சபை தட்டியது. குளிர்ந்துபோன அவர், அதே வேகத்தில், "எங்கட பிள்ளை இப்ப இரண்டு வார்த்தை பேசும்" என்று மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

மைக் பாதி தூரம் போயிருக்கும். தலைவருக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தது முகத்தில் தெரிந்தது. கையை இழுத்து, மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நேரம் போச்சு" என்றார். தேத்தண்ணி இன்னும் கொதிக்கவில்லை.